பெட்டியில் இருக்கும் எண்ணும் காற்றில் இருக்கும் வேகமும்

அக்கா புதுப் போன் வாங்கிய வாரம் அது. பழைய போனில் இருந்த ஒரே ஒரு வீடியோவை மட்டும் புதியதற்கு மாற்றித் தரச் சொன்னாள். அப்பா பணி ஓய்வு பெற்ற நாளில், உடன் வேலை பார்த்தவர்கள் முன்னால் நின்று பேசியது. சுமார் 950 மெகாபைட். இரண்டு போன்களையும் மேசையில் அருகருகே வைத்து, புளூடூத் வழியாக அனுப்பச் சொல்லி அழுத்தினேன். நீலக் கோடு நகரத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் பதினைந்து சதவீதம்.

“புதுப் போன் பெட்டியில் புளூடூத் 5.3 என்று போட்டிருக்கிறது. பழையது 4.2. அப்படியென்றால் பழைய போன்தான் இழுத்துப் பிடிக்கிறதா?” என்று அக்கா கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பெரும்பாலும் எல்லோரும் அந்தப் பதிலைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது தவறு. எதிரில் இருந்ததும் 5.3 ஆகவே இருந்திருந்தாலும் அந்தக் கோடு அதே வேகத்தில்தான் ஊர்ந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல், புளூடூத் எண்ணை மட்டும் பார்த்துப் போனையும் இயர்போனையும் மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புளூடூத் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு வானொலிகள், அதாவது அலையில் தகவலை அனுப்பி வாங்கும் ஏற்பாடுகள், இருக்கின்றன. முதலாவது, 1999-இல் முதல் பதிப்பாக வெளிவந்த பழைய புளூடூத். இன்று அதை ‘கிளாசிக்’ என்கிறார்கள். இரண்டாவது, 2010-இல் 4.0 பதிப்போடு வந்து சேர்ந்த ‘லோ எனர்ஜி’. சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியில் மாதக்கணக்காக ஓட வேண்டிய கருவிகளுக்காகப் பிறந்தது அது. நெஞ்சுத் துடிப்பை அளக்கும் பட்டை, வெப்பமானி, கைக்கடிகாரம் போன்றவை இதைப் பயன்படுத்துகின்றன. இரண்டும் ஒரே சிப்பில், ஒரே ஆண்டெனாவைப் பகிர்ந்துகொண்டு குடியிருக்கின்றன. ஆனால் ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது.

5.0 பதிப்பு 2016 டிசம்பரில் வந்தபோது ‘இரண்டு மடங்கு வேகம், நான்கு மடங்கு தூரம்’ என்று எங்கும் பேசப்பட்டது. அது பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டும் லோ எனர்ஜிக்கு மட்டுமே கிடைத்தவை. அதிலும் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. வேகத்தைக் கூட்டினால் தூரம் குறையும். தூரத்தைக் கூட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு பிட்டையும் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் அனுப்ப வேண்டியிருப்பதால், வேகம் விநாடிக்கு 125 கிலோபிட் வரை இறங்கிவிடும். கிளாசிக் பக்கத்தின் வேகத்தில் 5.0 எந்த மாற்றமும் செய்யவில்லை. ஒரு ஆண்ட்ராய்டு போனிலிருந்து இன்னொன்றுக்கு புளூடூத்தில் கோப்பு அனுப்பும்போது வேலை செய்வது கிளாசிக் பக்கம்தான்.

அந்தப் பக்கத்தின் வேக வரம்பு கடைசியாக உயர்ந்த ஆண்டு 2004. 2.0 பதிப்போடு ‘மேம்பட்ட வேகம்’ என்ற ஏற்பாடு வந்தது. அதுவரை விநாடிக்கு 1 மெகாபிட்டாக இருந்த காற்றலை வேகம் 3 மெகாபிட் ஆனது. அக்காவின் 5.3 போன், அப்பாவின் வீடியோவை அந்த 2004-ஆம் ஆண்டுச் சாலையில்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் இது மனத்தில் பதியும். கிளாசிக் புளூடூத் ஒரு விநாடியை 1600 துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டும் 625 மைக்ரோவிநாடி. அனுப்பும் போன் அதிகபட்சம் ஐந்து துண்டுகளைச் சேர்த்து ஒரே மூச்சில் பேசலாம். அதன் பிறகு ஒரு துண்டு நேரமாவது நிறுத்தி, ‘வந்து சேர்ந்தது’ என்று எதிர்ப்பக்கம் சொல்வதற்கு இடம்விட வேண்டும். ஆக ஒரு சுற்றுக்கு ஆறு துண்டுகள், 3.75 மில்லிவிநாடி. அந்தச் சுற்றில் போகக்கூடிய மிகப் பெரிய பொட்டலத்தில் 1021 பைட் சரக்கு அடங்கும். பெருக்கி வகுத்தால் விநாடிக்குச் சுமார் 2.18 மெகாபிட் வருகிறது. 3 மெகாபிட் என்று சொன்னதில் மீதி, பொட்டலத்தின் மேல் எழுதும் விவரக் குறிப்புக்கும் இடைவெளிக்கும் பதிலுக்கும் போய்விட்டது. எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட் என்பதால், 2.18 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 272 கிலோபைட். 950 மெகாபைட்டை அதால் வகுத்துப் பாருங்கள்: 58 நிமிடம். ஒரு பொட்டலம்கூடத் தொலையாமல் போய்ச் சேர்ந்தால்தான் அந்த 58. எங்களுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. அந்தச் சூழலில் அது நல்ல வேகம்தான்.

சிக்னல் மங்கினால் இதுவும் கிடைக்காது. 3 மெகாபிட்டில் அனுப்பும் முறை, அலையின் மிக நுட்பமான அசைவுகளில் தகவலை ஏற்றுகிறது. இரைச்சல் கூடியதும் அந்த அசைவுகள் புலப்படாமல் போகும். உடனே போன்கள் தாமாகவே 2 மெகாபிட் முறைக்கும், அதுவும் தாங்காவிட்டால் பழைய 1 மெகாபிட் முறைக்கும் இறங்கிவிடும். இறுதிக் கட்டத்தில் கையில் கிடைப்பது விநாடிக்கு 90 கிலோபைட் அளவுதான். கோப்பு போகும்போது போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். இரண்டும் ஒரே மேசையில் இருக்கட்டும்.

உண்மையாகவே வேகத்துக்காகப் பிறந்த பதிப்பு ஒன்று உண்டு. 2009-இல் வந்த 3.0. விநாடிக்கு 24 மெகாபிட் என்று அறிவித்தார்கள். அதன் சூட்சுமம் எளிமையானது. இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று புளூடூத்தில் கண்டுபிடித்துக் கைகுலுக்கிக்கொள்ளும். பெரிய சரக்கு என்றால் வைஃபை வானொலியை எழுப்பி அதன் தோளில் ஏற்றிவிடும். யோசனை அருமையானது, நடைமுறையில் வேரூன்றவில்லை. போன்கள் பலவற்றில் அது வரவேயில்லை. கடைசியில் 2021-இல் வந்த 5.3 பதிப்பில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். ஆகவே, வேகத்துக்கென்று எழுதப்பட்ட ஒரே அத்தியாயம் அக்காவின் 5.3-இல் கிழித்து எடுக்கப்பட்டிருந்தது.

யோசனை மட்டும் சாகவில்லை. ஐபோன்களின் ஏர்டிராப், ஆண்ட்ராய்டின் குயிக் ஷேர் இரண்டும் அதே வழியில்தான் போகின்றன. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடுவது லோ எனர்ஜி புளூடூத், சரக்கைச் சுமப்பது போனுக்கும் போனுக்கும் நேரடியாக ஏற்படும் வைஃபை இணைப்பு. இணையம் வேண்டியதில்லை, டேட்டா செலவாகாது. பெரிய வீடியோவாக இருந்தால் நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். அன்று அக்காவின் பழைய போனில் அது சரியாக வேலை செய்யாததால்தான் புளூடூத்துக்குப் போனேன். ஒரு தொடர்பு எண், ஒரு புகைப்படம், ஒரு சிறு ஒலிப்பதிவு என்றால் புளூடூத் இன்றும் போதும். நான்கு மெகாபைட் படம் பதினைந்து விநாடியில் போய்விடும். ஆண்ட்ராய்டு போனிலிருந்து ஐபோனுக்கு இப்படிப் புளூடூத்தில் கோப்பு அனுப்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐபோன் அந்தக் கோப்பு நெறிமுறையை ஏற்பதில்லை. இரண்டையும் பேரிங் செய்துவிட்டு, ஏன் போகவில்லை என்று மணிக்கணக்கில் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழுது எதுவும் இல்லை, வழியே கிடையாது.

மற்ற பதிப்புகளை விரைவாகக் கடந்துவிடலாம். 2007-இன் 2.1, நான்கு பூஜ்ஜியம் அழுத்தும் பழக்கத்துக்கு முடிவுகட்டி, இரண்டு திரைகளிலும் ஒரே ஆறு இலக்க எண் தெரிகிறதா என்று பார்க்கும் முறையைக் கொண்டுவந்தது. 4.2, லோ எனர்ஜியின் பொட்டலத்தைப் பெரிதாக்கியது. 5.1, சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறியும் வழியைத் தந்தது. 5.2, லோ எனர்ஜி வழியாகவே ஒலியை அனுப்புவதற்கு அடித்தளம் போட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 2024-இன் 6.0, இரண்டு கருவிகளுக்கு இடையே உள்ள தூரத்தைத் துல்லியமாக அளக்கும் முறையைச் சேர்த்தது. இந்த வரிசையில் எங்கேயாவது ‘உங்கள் கோப்பு வேகமாகப் போகும்’ என்ற செய்தி இருக்கிறதா?

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பதிப்பில் சொல்லப்பட்ட வசதிகளில் பெரும்பாலானவை விருப்பத்துக்கு உட்பட்டவை. 5.3 என்று அச்சடிக்க அவை எல்லாம் உள்ளே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிட முடியாது. வாங்குவதற்கு முன் உங்களுக்கு வேண்டிய வசதியின் பெயரைச் சொல்லி, அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி இணைப்பு அறுந்துபோகும் கதை. இங்கேதான் மக்கள் அதிகம் அல்லல்படுகிறார்கள்.

புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமம் தேவைப்படாத பொது வெளி. வைஃபையும் அங்கேதான், கம்பியில்லா மவுஸும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு சூடாக்கப் பயன்படுத்தும் அலையும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். இந்த நெரிசலில் புளூடூத் பிழைத்திருப்பதற்குக் காரணம் அது ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது. கிளாசிக் புளூடூத்துக்கு 79 தடங்கள் உண்டு. விநாடிக்கு 1600 முறை வரை தடம் மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. போனும் இயர்போனும் அடுத்து எந்தத் தடம் என்பதை முன்கூட்டியே ஒரே கணக்கில் அறிந்திருப்பதால், இருவரும் ஒரே நேரத்தில் ஒரே தடத்துக்குத் தாவுகிறார்கள். இப்படித் தாவிப் பேசும் கருத்துக்கு 1942-இலேயே காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர் நடிகை ஹெடி லமார். இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலுடன் சேர்ந்து, பியானோவின் 88 கட்டைகளைப் போல 88 அலைவரிசைகளில் தாவும் ஏற்பாட்டை அவர் வகுத்திருந்தார். எதிரி இடைமறிக்க முடியாமல் டார்பிடோவை வழிநடத்துவது அவர்களுடைய நோக்கம்.

ஆரம்பகாலப் புளூடூத் கண்ணை மூடிக்கொண்டு தாவியது. வைஃபை நின்றுகொண்டிருக்கும் தடத்திலும் போய் விழுந்தது, அடிபட்டது. 2003-இன் 1.2 பதிப்பு அதற்குக் கண்ணைக் கொடுத்தது: எந்தத் தடங்களில் திரும்பத் திரும்ப அடிபடுகிறது என்று கவனித்து, அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில் மட்டும் தாவும். என்னைக் கேட்டால், இத்தனை பதிப்புகளிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு அதிகம் உதவிய மாற்றம் அதுதான். ஆனாலும் ஒரே அறையில் பத்து வைஃபை பெட்டிகள் இருந்தால் விட்டு விலகுவதற்குத் தடம் மிஞ்சாது. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் இயர்போன் விக்கல் நின்றுவிட்டது என்று சிலர் சொல்வது கற்பனை இல்லை. மடிக்கணினியில் யூ.எஸ்.பி. 3 வகை ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் புளூடூத் மவுஸ் தடுமாறுவதும் அப்படித்தான். அந்தக் கம்பியில் ஓடும் வேகமான சமிக்ஞை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு தொழில்நுட்ப அறிக்கையில் விளக்கியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடுப்பு நாமேதான். நம் உடலில் பெரும்பகுதி நீர், இந்த அலையை நீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். எனக்கு இது ஒரு காலை நடையில் புரிந்தது. வீட்டுக்குள் எவ்வளவு நடந்தாலும் அறுந்துபோகாத பாட்டு, திறந்த மைதானத்துக்கு வந்ததும் நான்கு அடிக்கு ஒருமுறை அறுந்தது. வீட்டைவிட மைதானத்தில்தானே தடையே இல்லை என்று நின்று யோசித்தேன். போன் வலது பின் பையில் இருந்தது. ஒலியை வாங்கும் தலைமை இயர்போன் இடது காதில். இரண்டுக்கும் நடுவில் என் உடல். வீட்டுக்குள் இருக்கும்போது அலை சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, உடலைச் சுற்றிக்கொண்டு காதை அடைந்துவிடுகிறது. மைதானத்தில் பட்டுத் திரும்ப எதுவும் இல்லை. போனைச் சட்டையின் இடது பைக்கு மாற்றினேன். அதன் பிறகு மைதானத்தை மூன்று சுற்று சுற்றி முடிக்கும்வரை ஒருமுறைகூட அறுபடவில்லை. அந்த இயர்போனைப் பழுது என்று திருப்பிக் கொடுக்க இருந்தேன்.

பழுது என்று தவறாகப் பெயர் வாங்கும் இன்னொரு விஷயம், பேசும்போது ஒலி மட்டமாகிவிடுவது. பாட்டு கேட்கும்போது இழைகிற இயர்போன், அழைப்பு வந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. காரணம், பாட்டுக்கு ஒரு நெறிமுறை, பேச்சுக்கு வேறொன்று. பாட்டுக்கான பாதை ஒருவழிச் சாலை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. கோடெக்கே (கோடெக் என்பது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) வழக்கமான உயர்தர அமைப்பில் விநாடிக்கு 328 கிலோபிட் எடுத்துக்கொள்ளும். மைக் திறந்த கணத்தில் போன் அந்தச் சாலையை மூடிவிட்டு இருவழிப் பாதைக்குப் போகிறது. அங்கே கிடைப்பது விநாடிக்கு 64 கிலோபிட் மட்டும், அதுவும் பழைய முறையில் தொலைபேசித் தரம். சில நேரம் ஏதோ ஒரு செயலி பின்னணியில் மைக்கைப் பிடித்துவைத்திருப்பதாலும் இது நடக்கும். பாட்டு திடீரென்று மங்கினால் முதலில் அந்தச் செயலியைத் தேடி மூடிப் பாருங்கள்.

கைக்கடிகாரம் அடிக்கடி தொடர்பை இழக்கிறதென்றால் பெரும்பாலும் காற்றின் மேல் பழி இல்லை. போனின் பேட்டரியைச் சேமிக்கும் ஏற்பாடு, கடிகாரத்துக்கான செயலியைத் தூங்கவைத்துவிட்டிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கினால் போதும். அப்படியே, கடிகாரச் செயலி ஏன் என் இருப்பிடத்தைக் கேட்கிறது என்று அஞ்சி மறுத்தவர்கள் பலர். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை, சுற்றிலும் உள்ள புளூடூத் கருவிகளைத் தேட வேண்டுமென்றால் இருப்பிட அனுமதி தந்தாக வேண்டும். ஏனென்றால் அருகில் எந்தெந்தக் கருவி இருக்கிறது என்று தெரிந்தாலே நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஊகித்துவிடலாம். ஆண்ட்ராய்டு 12-இல்தான் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி வந்தது.

வீடியோ மாறிய இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து மறுபடி அழைப்பு. இந்தமுறை அப்பாவின் காது கேட்கும் கருவி.

அது போனோடு புளூடூத்தில் இணைவது. போன் பேச்சு நேராகக் காதுக்குள் ஒலிக்கும். முதலில் அதை அக்காவின் பழைய போனில்தான் இணைத்திருந்தார்கள், அப்பா அதை வாங்கித்தான் பேசுவார். இப்போது புதுப் போனில் எவ்வளவு தேடினாலும் கருவியின் பெயரே பட்டியலில் வரவில்லை. “போன் மணி அடிப்பது தெரிகிறது, நீ பேசுவதுதான் கேட்கவில்லையப்பா” என்று அப்பா என்னிடம் ஸ்பீக்கரில் கத்தினார். 5.3 போனுக்கும் பழைய கருவிக்கும் ஒத்துவரவில்லை, வேறு கருவி வாங்கிவிடலாம் என்று அக்கா முடிவுக்கே வந்துவிட்டாள். காது கேட்கும் கருவி அப்படிச் சட்டென்று மாற்றிக்கொள்ளும் பொருளா? விலை ஒருபுறம் இருக்கட்டும், அந்த ஒலிக்குப் பழகவே அப்பாவுக்கு ஒரு மாதம் பிடித்திருந்தது. கையோடு கிளம்பிப் போனேன்.

போனதும் நான் கேட்டது ஒரே கேள்வி. “அக்கா, பழைய போன் எங்கே?”

மேசை இழுப்பறையில் இருந்தது. அவசரத்துக்கு உதவும் என்று சார்ஜ் ஏற்றி, அணைக்காமல் வைத்திருந்தாள். புளூடூத்தும் அணைக்கப்படவில்லை. திரையைத் திறந்தால் அப்பாவின் கருவியின் பெயர், அதன் கீழே ‘இணைக்கப்பட்டது’. அப்பா ஒவ்வொரு காலையும் கருவியைக் காதில் மாட்டியதும், அது ‘இங்கே இருக்கிறேன்’ என்று குரல் கொடுத்திருக்கிறது. இழுப்பறையிலிருந்த போன் முந்திக்கொண்டு கையைப் பிடித்திருக்கிறது. ஒருவருடன் இணைந்ததும் அந்தக் கருவி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். புதுப் போன் தேடித் தேடிக் களைத்ததற்கு இதுதான் காரணம்.

பேரிங் செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்த மாதிரிச் சிக்கல்களில் பாதி தாமாகப் புரியும். இரண்டு கருவிகளும் சேர்ந்து ஒரு இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்கின்றன. அடுத்தமுறை சந்திக்கும்போது அந்தச் சாவியைச் சரிபார்த்துத்தான் கதவைத் திறக்கும். போனில் மட்டும் ‘சாதனத்தை மற’ என்று அழுத்திவிட்டால் போனின் நகல் அழியும். இயர்போனில் பழைய நகல் அப்படியே இருக்கும். அதன்பின் இரண்டும் சந்திக்கும்போது சாவி பொருந்தாது. இணைவதுபோல் காட்டி உடனே அறுந்துபோகிறது என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இதுதான். ஆகவே அழிப்பதென்றால் இரண்டு பக்கமும் அழிக்க வேண்டும். இயர்போன்கள் எல்லாச் சாவிகளையும் காலத்துக்கும் வைத்திருப்பதும் இல்லை. சிறிய நினைவகம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் போனால் மிகப் பழைய சாவி வெளியே தள்ளப்படும். நண்பர்கள் எல்லோரும் தங்கள் போனில் உங்கள் இயர்போனைச் சேர்த்துப் பார்த்த மறுநாள் அது உங்களையே தெரியாததுபோல் நடந்துகொண்டால் வியப்படைய வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரையின் மேலிருந்து இழுக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் புளூடூத் சின்னத்தை அழுத்தினால் புளூடூத் அணைவதில்லை. இணைந்திருக்கும் கருவிகளை மறுநாள் வரை விலக்கிவைக்கிறது, அவ்வளவுதான். முழுமையாக அணைக்க அமைப்புகளுக்குள் போக வேண்டும். அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்பவர்களில் சிலர் உண்மையில் அணைத்திருக்கவே மாட்டார்கள்.

அக்காவின் வீட்டில் நான் செய்த வேலை ஐந்து நிமிடம்கூட இல்லை. பழைய போனில் கருவியை மறக்கச் செய்தேன். புளூடூத்தையும் அணைத்தேன். அப்பாவிடம் கருவிகளைக் கழற்றித் தரச் சொல்லி, பேட்டரிக் கதவைத் திறந்து மூடினேன். அந்த வகைக் கருவி அப்படித் திறந்து மூடிய சில நிமிடங்களுக்குத்தான் புதிய போனை ஏற்கும். புதுப் போனில் தேடியதும் பெயர் வந்தது. முதலில் வலது, பிறகு இடது. இரண்டுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்டது. முதல் சம்மதத்தோடு நின்றுவிட்டால் ஒரு காது மட்டும் கேட்கும் என்பதால் இரண்டாவது வரும்வரை காத்திருந்தேன்.

“5.3 என்பதால் இனி நன்றாகக் கேட்குமா?” என்று அக்கா மறுபடியும் அந்த எண்ணுக்கே வந்தாள்.

முன்னே சொல்லாமல் விட்ட 5.2-இன் கதை இங்கேதான் வருகிறது. லோ எனர்ஜி வழியாக ஒலியை அனுப்பும் ‘எல்.இ. ஆடியோ’ என்ற ஏற்பாடு, காது கேட்கும் கருவி தயாரிப்பாளர்களின் ஐரோப்பியச் சங்கமும் புளூடூத் தரத்தை வகுக்கும் அமைப்பும் கைகோத்ததிலிருந்து வளர்ந்தது. எல்.சி.3 என்ற புதிய கோடெக், பழைய எஸ்.பி.சி. எடுத்துக்கொள்ளும் பிட்களில் பாதியளவிலேயே அதற்கு ஈடான ஒலியைத் தருகிறது. பேட்டரி மிச்சம், கருவி சிறியதாகலாம். பேசும்போது தரம் விழுவதும் குறையும். ஒரே ஒலியை ஒரு கூடத்தில் உள்ள எல்லோர் காதுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் ‘ஆராகாஸ்ட்’ வசதியும் அதன் மேல்தான் நிற்கிறது. ரயில் நிலைய அறிவிப்பு நேராக அப்பாவின் காதுக்குள் ஒலிக்கும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். புளூடூத்தில் இத்தனை ஆண்டுகளில் நடந்தவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது இதுதான்.

ஆனால் அதுவும் விருப்பத்துக்கு உட்பட்ட வசதி. அக்காவின் போனில் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரச் சின்னத்தை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தேன். எல்.இ. ஆடியோ என்ற வரியே அங்கு இல்லை. அப்பாவின் கருவியிலும் அது கிடையாது. இரண்டும் பழைய வழியில்தான் பேசிக்கொள்கின்றன, அந்த வழியும் நன்றாகவே வேலை செய்கிறது. இதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். “அப்போது வேறு கருவி வேண்டாம்தானே?” என்றாள். வேண்டாம் என்றேன்.

சோதித்துப் பார்க்க ஏதாவது ஒலிக்கவிட வேண்டும். அக்கா அந்த வீடியோவை எடுத்தாள். அறையில் எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, அப்பாவின் காதுக்குள் மட்டும் அவருடைய குரல். ஆறு ஆண்டுக்கு முந்தைய குரல். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்க உள்ளே போனார். போன் மேசையிலேயே இருந்தது. கதவருகே திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபோது ஒரு வார்த்தை அறுந்ததாம். டம்ளரோடு திரும்பி வந்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.